படைப்பினங்களை அறிவோம்: தம்மர் வாலபி

 

கங்காருவைப் படத்திலாவது பார்க்காத பிள்ளைகள் இன்று குறைவு. ஆஸ்திரேலியா என்றதும் நம் நினைவுக்கு வருவது அதுதான். அந்தக் கங்காரு குடும்பத்திலேயே உடல் சிறிய இனங்கள் பல உண்டு. அவற்றை வாலபி என்று அழைக்கிறார்கள். சிட்னிப் பகுதியின் ஆதிக்குடிகளான தாரூக் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல் அது. வாலபிகளில் பல வகைகள் இருந்தாலும், இம்மாதப் பாடத்திற்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் தம்மர் வாலபி.

திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் (6:38) பூமியில் நடமாடும் உயிரினங்களையும் பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்று நமக்கு அறிமுகப்படுத்துகிறது. ஒரு சமுதாயத்தை அறிய வேண்டுமானால், அவர்கள் எப்படி இருக்கிறார்கள், எங்கே வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்போம் அல்லவா? அதே வரிசையில் இந்தச் சிறிய பிராணியைப் பற்றியும் பார்ப்போம்.

தோற்றம்

வாலபிகளிலேயே மிகச் சிறிய இனங்களுள் தம்மரும் ஒன்று. நிமிர்ந்து உட்கார்ந்தால் சுமார் ஒன்றரை அடி உயரம்தான் இருக்கும். பெண் தம்மர் ஏறத்தாழ 5 கிலோ எடையும், நன்கு வளர்ந்த ஆண் சுமார் 9 கிலோ வரை எடையும் கொண்டவை. ஒரு வளர்ந்த முயலைவிடப் பெரியது, ஒரு வெள்ளாட்டைவிட மிகச் சிறியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

முதுகு ரோமம் கருஞ்சாம்பல் நிறம். வயிற்றுப்புறம் வெளிறியிருக்கும். விலாவிலும் கைகால்களிலும் செம்மை படர்ந்திருக்கும், குறிப்பாக ஆண்களிடம். கன்னத்தில் மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடும். காதுகள் கூர்மையானவை; சத்தம் வரும் திசைக்குத் தனித்தனியே திரும்பக் கூடியவை. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் தலையைத் திருப்பாமலே பின்புறத்தின் பெரும்பகுதியையும் பார்க்க முடியும். பிறருக்கு இரையாகும் பிராணிக்கு இது பெரிய பாதுகாப்பு.

முன்கைகள் சிறியவை, புல்லைப் பிடிக்கவும் முகத்தைத் துடைக்கவும் பயன்படுகின்றன. பின்கால்கள் நீண்டவை. அவற்றின் தசைநார்கள் வில்லைப் போல வேலை செய்கின்றன. தரையில் இறங்கும்போது இழுபட்டு விசையைச் சேமித்து, அடுத்த தாவலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அதனால் வேகம் கூடினாலும் செலவாகும் சக்தி அந்த அளவுக்குக் கூடுவதில்லை. பையில் குட்டியைச் சுமந்துகொண்டு ஓட வேண்டிய ஒரு தாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி!

இருப்பிடம்

தம்மருக்கு இரண்டு வகை நிலம் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். பகலில் ஒளிந்திருக்க அடர்ந்த புதர்க்காடு. இரவில் மேய்வதற்குத் திறந்த புல்வெளி. இரண்டில் ஒன்று போனாலும் அதனால் வாழ முடியாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் பெரப், டிரையாண்ட்ரா போன்ற காடுகளில் இது இருக்கிறது. அந்தக் கடற்கரைக்கு அப்பால் கார்டன் தீவு, ஹவுட்மன் அப்ரோலாஸ் தீவுக்கூட்டத்தின் கிழக்கு, மேற்கு வாலபித் தீவுகள் ஆகியவற்றிலும் வாழ்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கங்காரு தீவில்தான் அதிகம். முன்பு நிலத்தோடு சேர்ந்திருந்த மேடுகளே இவை. கடல்மட்டம் உயர்ந்தபோது பிரிந்து தீவுகளாயின. அங்கிருந்த தம்மர்களும் தீவுவாசிகள் ஆயின.

அப்ரோலாஸ் தீவுகளில் கோடைக்காலத்தில் குடிநீர் கிடைப்பது மிக அரிது. சுற்றிலும் உப்புக்கடல். அங்கே இந்தப் பிராணி எப்படிப் பிழைக்கிறது? மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1968-இல் வெளியிட்டார்கள். உலர்ந்த தீனியையும் கடல்நீரையும் மட்டுமே கொடுத்தும் தம்மர்கள் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தன. நாம் கடல்நீரைக் குடித்தால், அந்த உப்பை வெளியேற்ற நம் சிறுநீரகம் உடலில் இருக்கும் நீரையும் சேர்த்து இழந்துவிடும். தாகம் தீராது, உயிருக்கே ஆபத்தாகும். தம்மரின் சிறுநீரகமோ உப்பை மிகச் செறிவாக வெளியேற்றி நீரை உடலில் நிறுத்திக்கொள்கிறது. மனிதனுக்கு மறுக்கப்பட்ட ஒரு ரிஸ்க் இந்தச் சிறு பிராணிக்கு வழங்கப்பட்டிருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

இன்னொன்றும் உண்டு. தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைப் புதர்ச்செடிகளின் இலையில் கொடிய விஷம் இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடுமாடுகள் மேய்ந்தால் இறந்துவிடும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தச் செடிகளோடு வாழ்ந்துவந்த அப்பகுதித் தம்மர்கள் அந்த விஷத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. அதே விஷப்புதர்தான் பகலில் அவற்றுக்கு மறைவிடமும் ஆகிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடத்தை

தம்மர் இரவில் நடமாடும் பிராணி. சூரியன் மறைந்த பிறகு புதரிலிருந்து புல்வெளிக்கு வரும். விடியும் முன் புதருக்குத் திரும்பிவிடும். ஆளுக்கு ஒரு நிலம் என்று வேலி போட்டுச் சண்டையிடுவதில்லை. ஒன்றின் மேய்ச்சல் எல்லை இன்னொன்றின் எல்லையோடு கலந்திருக்கும்.

மேயும்போது கூட்டமாகச் சேர்கின்றன. இதில் ஒரு பயன் இருக்கிறது. தனியாக மேயும் தம்மர் அடிக்கடி தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்க்கும். அதனால் தின்பது குறையும். கூட்டத்தில் இருக்கும்போது பல கண்கள் காவலிருப்பதால், ஒவ்வொன்றும் நிம்மதியாகக் கூடுதல் நேரம் மேய முடிகிறது. ஆபத்தைக் கண்டது பின்காலால் தரையைத் தட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் மற்றவை உஷாராகிவிடும். ஜமாஅத்தாக இருப்பதன் பரக்கத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். இந்த வாயில்லா ஜீவன்கள் அதைப் பேசாமலே கடைப்பிடிக்கின்றன.

குட்டியும் தாயும்

தம்மரின் பிறப்பு முறை ஆய்வாளர்களைப் பல ஆண்டுகளாக வியக்க வைத்திருக்கிறது. தாய் ஒரு நேரத்தில் ஒரு குட்டிதான் ஈனும். கர்ப்பகாலம் ஒரு மாதத்திற்கும் குறைவு. பிறக்கும் குட்டியின் எடை அரை கிராம்கூட இல்லை; நீளத்தில் ஒரு பேரீச்சங்கொட்டையைவிடச் சிறியது. கண் திறக்கவில்லை, ரோமம் இல்லை, பின்கால்கள் வெறும் மொட்டுகள். ஆனால் முன்கைகள் மட்டும் உறுதியாக இருக்கும். அந்தக் கைகளால் தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றி ஏறி, யாருடைய உதவியும் இல்லாமல் பைக்குள் சென்று, அங்குள்ள நான்கு காம்புகளில் ஒன்றைக் கவ்விக்கொள்கிறது. அதன் பிறகு எட்டு ஒன்பது மாதங்கள் பைதான் அதற்கு உலகம்.

தாய்ப்பாலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தொடக்கத்தில் நீர்த்த, இனிப்புச்சத்து மிகுந்த பால். குட்டி வளர வளரக் கொழுப்பும் புரதமும் கூடிய பால். எந்த வயதுக்கு எது தேவையோ அது அந்தந்தக் காலத்தில் சுரக்கிறது.

குட்டி பிறந்த சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருவுறும். ஆனால் அந்தக் கரு நூறு உயிரணுக்கள் அளவில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கிவிடும். பையில் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்வரை அது விழிப்பதில்லை. ஆண்டின் முதல் பாதியில் அந்தக் குட்டி இறந்துபோனால், உறங்கும் கரு விழித்து வளரத் தொடங்கும். ஜூன் மாதம் 22-ஐ ஒட்டி வரும் மிகக் குறுகிய பகல் கடந்துவிட்டாலோ, அதன் பிறகு பகல்பொழுதின் நீளம்தான் அதைக் கட்டுப்படுத்தும். டிசம்பர் 22-ஐ ஒட்டி அந்த நாட்டின் மிக நீண்ட பகல் வந்த பிறகே கரு விழிக்கும். இதனால் பெரும்பாலான குட்டிகள் ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் பிறக்கின்றன. அவை பையை விட்டு வெளியே வரும்போது, குளிர்கால மழையில் முளைத்த பசும்புல் தயாராக இருக்கும்.

நாம் தொழுகை நேரத்தைச் சூரியனைக் கொண்டும் மாதத்தைப் பிறையைக் கொண்டும் கணக்கிடுகிறோம். நாட்காட்டி இல்லாத ஒரு காட்டுப்பிராணியின் கருவறைக்குள்ளும் சூரியனின் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

மனிதர்களைச் சந்தித்தபோது

இனி அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

1629-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படேவியா என்ற கப்பல் அப்ரோலாஸ் தீவுகளின் பவளப்பாறையில் மோதி உடைந்தது. தப்பியவர்களில் மேற்கு வாலபித் தீவில் இருந்தவர்களுக்கு இந்தப் பிராணிகள் உணவாயின. கப்பலின் தலைவர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட் அவற்றைப் பற்றி எழுதிவைத்தார். அவற்றைப் பூனை இனம் என்று கருதிய அவர், பையில் காம்போடு ஒட்டியிருந்த குட்டிகளைப் பார்த்துவிட்டு, அவை காம்பிலிருந்தே முளைப்பதாக முடிவு செய்தார். கங்காரு குடும்பத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்திரேலியாவில் குடியேற்றம் பரவியது. தெற்கு ஆஸ்திரேலியாவின் பெருநிலத்தில் புதர்க்காடுகளை வெட்டி வயலும் ஆட்டுப்பண்ணையும் ஆக்கினார்கள். தம்மரின் பகல் மறைவிடம் போனது. அதே நூற்றாண்டில், குதிரையேறி நாய்களை ஏவி நரிவேட்டையாடும் பொழுதுபோக்குக்காக ஐரோப்பாவிலிருந்து செந்நரிகளைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார்கள். அந்த நாட்டின் சிறு பிராணிகள் நரியை அறியாதவை. குடியேறியவர்களோடு வந்த பூனைகளும் காட்டுக்குள் சென்று சேர்ந்துகொண்டன. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதி முடிவதற்குள் தெற்கு ஆஸ்திரேலியாவின் பெருநிலத்தில் தம்மர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நரி நுழையாத கங்காரு தீவில் மட்டும் அவை ஏராளமாக இருந்தன.

பெருநிலத்துத் தம்மரின் கதை அத்தோடு முடிந்தது என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தார்கள்.

ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. 1840-களில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநராக இருந்த சர் ஜார்ஜ் கிரே பின்னர் நியூசிலாந்துக்குச் சென்றார். 1862-இல் ஆக்லாந்துக்கு அருகிலுள்ள காவாவ் என்ற தீவை விலைக்கு வாங்கி, பல நாடுகளின் பிராணிகளைத் தம் ஆசைக்காக அங்கே கொண்டுவந்து வளர்த்தார். 1870 வாக்கில் வந்து சேர்ந்தவற்றில் தம்மர்களும் இருந்தன. நரியில்லாத அந்தத் தீவில் அவை பல்கிப் பெருகின. 1912-இல் நியூசிலாந்தின் ரோட்டோருவா பகுதியிலும் தம்மர்கள் விடப்பட்டன.

நியூசிலாந்தின் காடுகள் வேறு கணக்கில் அமைந்தவை. வௌவால்களைத் தவிர தரைவாழ் பாலூட்டிகளே இல்லாமல் வளர்ந்த காடுகள் அவை. இளங்கன்றுகளை மேய்ந்துவிடும் ஒரு பிராணியைத் தாங்கும் ஏற்பாடு அங்கே இல்லை. பெரிய மரங்கள் நிற்கும். அவற்றின் கீழே அடுத்த தலைமுறை மரம் எழாது. அதனால் அந்த நாட்டில் வாலபி தீங்கு செய்யும் பிராணி. 2020 முதல் அங்குள்ள அரசு அவற்றைக் கட்டுப்படுத்தி ஒழிக்கத் தேசிய அளவில் திட்டம் நடத்துகிறது.

இந்நிலையில் 1990-களின் பிற்பகுதியில் மரபணு ஆய்வு ஒன்று வியப்பான செய்தியைச் சொன்னது. காவாவ் தீவில் தீங்கு என்று சுடப்பட்டுக்கொண்டிருந்தவை வேறெவையும் அல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவின் பெருநிலத்தில் அற்றுப்போன அதே தம்மர்களின் சந்ததிகள்! 2003-இல் அவற்றில் எண்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மொனார்ட்டோ விலங்குப் பூங்காவில் வைத்துப் பராமரித்து, இனம் பெருக்கி, 2004 முதல் யார்க் தீபகற்பத்தின் முனையிலுள்ள இன்னெஸ் தேசியப் பூங்காவில் விட்டார்கள். விடுவதற்கு முன்பே அங்கே நரிகளைக் கட்டுப்படுத்தினார்கள். விட்ட பின்பும் தொடர்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் கடல்கடந்து வாழ்ந்தவை சொந்த மண்ணில் மீண்டும் குட்டிகள் ஈன்றன.

மேற்கு ஆஸ்திரேலியாவில் உதவி வேறு வழியில் வந்தது. முன்னர் சொன்ன விஷப்புதரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதில் உள்ள அதே விஷத்தை இறைச்சித் துண்டுகளில் வைத்து நரிகளுக்கு இடுகிறார்கள். அந்த மண்ணின் பிராணிகள் பெருமளவு அதைத் தாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த நரி தாங்காது. 1996 முதல் அரசே இதைப் பெரிய அளவில் செய்துவருகிறது.

நாம் பெறும் பாடம்

தம்மரின் குணம் எங்கும் மாறவில்லை. பெருநிலத்தில் அது பாவப்பட்ட பிராணி, நியூசிலாந்தில் தீங்கு, இன்னெஸ் பூங்காவில் திரும்பி வந்த செல்வம். மூன்று இடத்திலும் அது செய்தது ஒன்றுதான்: இரவில் புல் மேய்ந்தது, பகலில் புதரில் ஒளிந்தது. மாறியது அது நின்ற இடம். இடத்தை மாற்றியது மனிதன்.

நரியையும் நாம் திட்ட முடியாது. அதுவும் அல்லாஹ்வின் படைப்பு. தன் பசிக்கு வேட்டையாடுகிறது. அதை வேட்டை விளையாட்டுக்காகக் கப்பலேற்றியவன் மனிதன். உயிருள்ளவற்றை விளையாட்டுக்கு இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். அந்தத் தடையின் பொருளை இந்த வரலாற்றில் பார்க்கலாம். சிலருடைய ஒரு நாள் பொழுதுபோக்குக்கான விலையை, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, வாலபியும் நரியும் இரண்டுமே உயிரால் கொடுக்கின்றன.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள். அவள் அதற்கு உணவு கொடுக்கவில்லை. பூமியில் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளவும் அதை விடவில்லை. இந்த இரண்டாவது குற்றத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒவ்வோர் உயிருக்கும் அதன் உணவும் மறைவிடமும் ஏற்பாடு செய்யப்பட்ட ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை அழிப்பதும், அதிலிருந்து அதைப் பிரிப்பதும் அதன் உரிமையைப் பறிப்பதே. கடல்நீரைக் குடித்தும் விஷப்புதரில் ஒளிந்தும் பிழைக்கும் ஆற்றல் பெற்ற தம்மரால், மனிதனின் கோடரியையும் அவன் கொண்டுவந்த நரியையும் தாங்க முடியவில்லை.

அதே நேரத்தில் நம்பிக்கை இழக்கவும் இடமில்லை. கெடுத்ததும் மனிதக் கைதான்; ஆராய்ந்து, தேடி, கடல் கடந்து சென்று அழைத்துவந்ததும் மனிதக் கைதான். பூமியில் நாம் கலீஃபா, அதாவது பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்கள். அமானிதத்தை வீணாக்கியவன் அதைத் திரும்பச் சேர்ப்பதற்கு முயல வேண்டும். முழுமையாகச் சேர்க்க முடியாமல் போகலாம்; தொடங்காமல் இருக்கக் கூடாது.

குடும்பத்தோடு பேச

இரவுச் சாப்பாட்டிற்குப் பின் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசிப்பாருங்கள்.

1. தம்மருக்குப் புதரும் புல்வெளியும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்? ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்?

2. கூட்டமாக மேயும்போது ஒவ்வொன்றுக்கும் என்ன லாபம் கிடைக்கிறது?

3. நரிகளைக் கொல்லாமல் தம்மரைக் காப்பாற்ற முடியாத நிலை ஏன் வந்தது? அதற்கு யார் பொறுப்பு?

4. ஒரு பிராணியை அழகுக்காகவோ ஆசைக்காகவோ வீட்டுக்குக் கொண்டுவரும் முன், நாம் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

மூன்றாம் கேள்விக்கு எளிதான விடை கிடைக்காது. பெரியவர்களும் சேர்ந்து யோசிக்கட்டும். பிள்ளைகளின் பதில்களை எழுதி ஜும்ஆவுக்கு வரும்போது அலுவலகத்தில் கொடுத்தால், அடுத்த மடலில் இன்ஷா அல்லாஹ் வெளியிடுவோம்.

படைப்பினங்கள் மீது இரக்கம் காட்டும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும், நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.